பழைய விண்டோஸுக்கு எத்தனை வருஷம் சப்போர்ட் கொடுக்க வேண்டும்? கோத்தகிரி கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அன்று முதல் கடைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். பசுந்தேயிலை வாங்கும் ஏஜென்ட், கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைத்துப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்காரர், பள்ளிக்கூட டீச்சர், ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா என்று எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே கவலை. ஒவ்வொருவருக்கும் நின்று சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். என் கருத்தும் இதில் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

சப்போர்ட் முடிந்துவிட்டது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடுமா அண்ணா?

நிற்காது. நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். கணக்கெழுதும் டேலி திறக்கும், பிரிண்டர் ஓடும், படம் பார்க்கலாம். அதனால்தான் பலருக்கு இதன் ஆபத்து புரிவதில்லை.

நின்றுபோவது பாதுகாப்புத் திருத்தங்கள். மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் இவற்றை வெளியிடும். 2003லிருந்து இதுதான் வழக்கம். நம் ஊரில் தோட்டத்து வேலியை யோசித்துப் பாருங்கள். காட்டெருமை எங்கே முட்டித் திறந்தது, கரடி எந்த இடுக்கில் நுழைந்தது என்று பார்த்துப் பார்த்து அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சப்போர்ட் முடிந்தால் அடைக்கிற ஆள் வரமாட்டார். வேலி அப்படியேதான் நிற்கும். புதிதாக ஒரு ஓட்டை தெரிந்தால், அது எப்போதும் திறந்தே கிடக்கும்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளே இருக்கும் நிரலில் பெரும்பகுதி பொதுவானது. 11ல் ஒரு ஓட்டையை அடைத்துத் திருத்தம் வெளியிட்டால், அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு 10ல் அதே ஓட்டை எங்கே இருக்கும் என்பதும் தெரிந்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் எந்த இடத்தை அடைக்கிறார்கள் என்று பார்த்து, நம் தோட்டத்தில் அதே இடத்துக்கு வருவது போல. எனவே நாள் ஆக ஆகப் பழைய சிஸ்டத்தின் ஆபத்து கூடிக்கொண்டே போகும்.

நன்றாக ஓடுகிற மெஷினை ஏன் மாற்ற வேண்டும்? நம் மலை ரயில் நூறு வருஷத்துக்கு மேல் ஓடவில்லையா?

நல்ல கேள்வி. குன்னூர்க்காரர் ஒருவர் கேட்டார். நானும் பல நாள் யோசித்திருக்கிறேன்.

மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே பல் சக்கரத்தில் ஏறும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களை முதலில் செய்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலை, 1914 முதல். பாகம் தேய்ந்தால் இங்கேயே செய்துகொள்கிறோம். திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே வகையில் புது எஞ்சின்களே கட்டியிருக்கிறார்கள். 2005ல் இந்த மலை ரயிலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். எஞ்சின் தானாகத் தேயும், நிரல் தேயாது. நிரலுக்கு ஆபத்து வருவது வெளியே இருக்கும் ஆட்களிடமிருந்து. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு நம் எஞ்சினுக்குள் நுழைய யாரும் முயல்வதில்லை. ஆனால் நெட்டில் இணைந்த ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் யாரோ தட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அடுத்தது, சுவிஸ்காரர்கள் செய்வதை நிறுத்தினாலும் நம் ஆட்களால் பாகம் செய்ய முடிந்தது. எஞ்சினைக் கழற்றிப் பார்த்து, அளந்து, வார்க்கலாம். விண்டோஸை அப்படிக் கழற்றிப் பழுதுபார்க்க நமக்கு வழியும் இல்லை, உரிமமும் இல்லை. செய்தவர் கைவிட்டால் வேறு யாரும் எடுத்துப் பார்க்க முடியாத பொருள் அது. செய்தவருக்குப் பொறுப்பு அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, எத்தனை வருஷம் கொடுத்தால் நியாயம்?

எத்தனை வருஷம் என்பதற்கு முன்னால், எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்று கேட்க வேண்டும்.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தது, 2014 ஏப்ரல் 8ல் சப்போர்ட் முடிந்தது. பன்னிரண்டரை வருஷம். கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்ன நெட்புக்குகளில் எக்ஸ்பியைப் போட்டு விற்க 2010 அக்டோபர் வரை அனுமதி இருந்தது. அந்தக் கடைசி மாதத்தில் வாங்கியவருக்குக் கிடைத்தது மூன்றரை வருஷம்தான். பன்னிரண்டரை என்பது கம்பெனியின் கணக்கு. மூன்றரை என்பது வாங்கியவரின் கணக்கு.

விண்டோஸ் 10ம் இதே மாதிரிதான். 2015 ஜூலையில் வந்தது, பத்து வருஷம் கழித்து முடிந்தது. 2020ல் கொரோனா ஊரடங்கு வந்து பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோது எங்கள் பக்கத்தில் எத்தனை வீடுகளில் முதன்முதலாக லேப்டாப் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். பசுந்தேயிலைக்கு விலை இல்லாத நேரம். மகளுக்காக ஒரு அப்பா தோடு அடகு வைத்த பணத்தோடு என் கடைக்கு வந்தார். அவருக்குக் கிடைத்தது ஐந்து வருஷம். புது மெஷின் வாங்கியிருந்தால் அதில் 11 ஏற வாய்ப்பு இருந்திருக்கும். அவரால் முடிந்தது செகண்ட் ஹேண்ட். அதில் 11 ஏறாது. அந்த லேப்டாப்பை விற்றவன் நான். அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது.

ஆகவே என் பதில் இதுதான்: கடைசி புது மெஷின் விற்ற நாளிலிருந்து பத்து வருஷம், பாதுகாப்புத் திருத்தம் மட்டுமாவது கொடுக்க வேண்டும். முடிகிற தேதியை விற்கும்போதே பெட்டியின் மேல் அச்சிட வேண்டும், மருந்துப் பட்டைக்கு மேல் போடுவது போல.

பத்து என்பதற்குக் காரணம் இருக்கிறது. மலையில் ஒரு கம்ப்யூட்டர் ஒரே ஆளிடம் முடிவதில்லை. அண்ணன் கல்லூரிக்கு வாங்கியது தம்பிக்குப் போகும். அப்புறம் அப்பாவின் கணக்கெழுத. அப்புறம் ஒரு கடைக்கு. அந்த மூன்றாவது கைக்கும் பாதுகாப்பு வேண்டும்.

உலகத்தில் யாராவது அப்படிக் கொடுக்கிறார்களா?

கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள். தன் சிஸ்டத்தில் ஓடும் லேப்டாப்புகளான குரோம்புக்குகளுக்குப் பத்து வருஷம் அப்டேட் என்று கூகுள் 2023ல் அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் அதுவும் அந்த வகை மெஷின் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. அதே வருஷம் வந்த பிக்ஸல் 8 போனுக்கு ஏழு வருஷம் என்றார்கள். ஆப்பிள் இத்தனை வருஷம் என்று மேக்குகளுக்கு எழுதிக் கொடுப்பதில்லை. வழக்கத்தில் கடைசி மூன்று பதிப்புகளுக்குத் திருத்தம் வருகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டுவிட்டது. போன்களுக்கு 2025 ஜூனிலிருந்து அமலில் இருக்கும் விதிப்படி, ஒரு மாடல் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் கொடுக்க வேண்டும். விற்பனை முடிந்த நாளிலிருந்து! நான் கேட்கிற கணக்குமுறை இதுதான். சைபர் பாதுகாப்புக்கான இன்னொரு சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் அமலுக்கு வரும். மென்பொருளுக்கும் பொதுவாக ஐந்து வருஷம் குறைந்தபட்சம் என்கிறது. நம் நாட்டிலும் இப்படி ஒரு விதி வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

பத்து வருஷம் கேட்பது பேராசை இல்லையா? கம்பெனிக்கும் செலவு இருக்கிறதே?

இருக்கிறது. பழைய சிஸ்டத்தைப் பார்க்க ஆள் வேண்டும், ஒவ்வொரு திருத்தத்தையும் பல நூறு வகை மெஷின்களில் சோதித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் காலம் முழுக்கச் சும்மா கொடு என்று யாரையும் கேட்க முடியாது. புது வசதிகள் எனக்கு வேண்டாம். போனில் கூப்பிட்டால் பதில் சொல்லவும் வேண்டாம். ஓட்டையை மட்டும் அடைத்தால் போதும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10க்கான திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. கம்பெனிகள் பணம் கட்டினால் 2028 அக்டோபர் வரை கிடைக்கும்: முதல் வருஷம் ஒரு மெஷினுக்கு 61 டாலர், பிறகு ஒவ்வொரு வருஷமும் இரட்டிப்பு. பள்ளி, கல்லூரிகளுக்கு முதல் வருஷம் 1 டாலர்தான். தொழிற்சாலைக் கருவிகளுக்கான 2021 நீண்டகாலப் பதிப்புக்கு 2032 வரை உண்டு. அதாவது மருந்து தயாராகிக்கொண்டே இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. வீட்டு மெஷின்களுக்கும் அதை விடுவதில் கூடுதல் சோதனைச் செலவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் முதலிலிருந்து செய்கிற செலவு இல்லை அது. ஒரு டாலருக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க முடிகிறதென்றால், மூன்று ஏக்கர் தேயிலைக்காரருக்கும் அந்த விலையில் கொடுக்கலாம்.

வீட்டுக்காரர்களுக்கு எதுவுமே இல்லையா?

ஒரு வருஷம் இருக்கிறது, 2026 அக்டோபர் 13 வரை. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்து உங்கள் செட்டிங்ஸை அதில் சேமிக்கச் சம்மதித்தால் பணம் இல்லை. செட்டிங்ஸைச் சேமிக்கச் சம்மதிக்காவிட்டால் 30 டாலர், அல்லது அவர்களின் ரிவார்ட்ஸ் புள்ளி 1,000. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். மெஷின் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். பழைய பதிப்பென்றால் முதலில் அதற்கு ஏற்றுங்கள். பதிவு செய்யாமல் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேன். போதாதா?

போதாது. ஆன்டிவைரஸ் வாசலில் நிற்கும் காவலாளி. சுவரே இடிந்திருந்தால் அவர் என்ன செய்வார்?

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தாக்குதல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதமே வந்துவிட்டது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை அப்போது சப்போர்ட்டில் இருந்த விண்டோஸ் 7 மெஷின்கள். திருத்தம் வந்தும் போடாதவை. கம்பெனி கொடுத்தால் மட்டும் போதாது, நாமும் போட வேண்டும் என்று நான் கடையில் கத்துவது இதற்காகத்தான்.

அந்த வாரம் நடந்த இன்னொன்றும் முக்கியம். சப்போர்ட் முடிந்து மூன்று வருஷம் ஆன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது, இலவசமாக. அவர்கள் நல்லது செய்தார்கள். முடியும் என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது.

ஏடிஎம்மிலேயே எக்ஸ்பிதானே ஓடியது?

ஓடியது. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் கெடு வைத்து, 2019 ஜூனுக்குள் மாற்றச் சொன்னது.

டிடிபி வேலைக்குப் பழைய சிஸ்டம்தான் வேண்டும். என்ன செய்வது?

இதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது தமிழ்நாட்டில் நமக்கே உரிய கஷ்டம்.

கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் திருவிழா அழைப்பிதழ் எல்லாம் பல அச்சகங்களில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் தட்டுகிறார்கள். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001ல். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் தட்டிய தமிழ் அதில் சரியாக வராது. அதனால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். இருபது வருஷத்துப் பத்திரிகை மாதிரிகள், படங்கள், கட்டங்கள் எல்லாம் அந்தக் கோப்புகளில் கிடக்கின்றன. புது விண்டோஸில் அந்த மென்பொருள் தடுமாறும், பழைய பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்காது. அவர்கள் சோம்பலால் எக்ஸ்பியைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பிழைப்பு அதற்குள் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஒரு அச்சகத்தில், தை மாத முகூர்த்த நேரத்தில், நெட்டோடு இணைத்திருந்த பழைய சிஸ்டத்தில் எல்லாக் கோப்பும் பூட்டப்பட்டுப் போனது. மெயிலில் வந்த போட்டோவை இறக்குவதற்காக அன்று காலைதான் கேபிளைச் செருகியிருந்தார்கள். என்னால் மீட்டுக் கொடுக்க முடியவில்லை. பதினைந்து வருஷ வேலை. அந்த அண்ணன் ஒன்றும் பேசாமல் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன். பழைய மெஷினை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். வைஃபையையும் அணைத்துவிடுங்கள். மெயில், வாட்ஸப் படங்களை வேறொரு புது மெஷினில் இறக்கி, சோதித்து, அதற்கென்றே ஒதுக்கிய பென்டிரைவில் கொண்டுபோங்கள். வாரம் ஒரு முறை எல்லாக் கோப்பையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். கழற்றுவதுதான் முக்கியம், செருகியே இருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். நம் ஊர் ஈரத்தில் டிஸ்க்கில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

கூடவே, புதிய வேலைகளையாவது யூனிகோடில் தொடங்குங்கள். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் இருப்பதை யூனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன.

அரசு கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் இருக்கிறது. அதில் எதுவும் முடியுமா?

முடியும். 2011ல் தொடங்கிய திட்டத்தில் வந்த மெஷின்கள் இன்னும் எத்தனையோ வீட்டில் பீரோ மேல் இருக்கின்றன. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், முடிந்தால் ரேமைக் கூட்டுங்கள், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றுங்கள். 2 ஜிபி ரேம் இருந்தால் ஓடும், 4 இருந்தால் வசதி. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு, இந்திய மொழிகளுக்காகவே செய்தது. படிக்க, எழுத, வீடியோ பார்க்கத் தாராளமாகப் போதும். டேலி மட்டும் விண்டோஸ் கேட்கும்.

லினக்ஸ் என்றால் காலம் முழுக்க சப்போர்ட்டா?

இல்லை. அதற்கும் தேதி உண்டு. லினக்ஸில் உபுண்டு, டெபியன் என்று பல வகை உண்டு. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்து வருஷம். ப்ரோ என்ற பதிவு செய்துகொண்டால் பத்து, சொந்த உபயோகத்துக்கு ஐந்து மெஷின் வரை இலவசம். டெபியனுக்கு மூன்று வருஷமும், தன்னார்வலர்களும் சில நிறுவனங்களும் பார்த்துக்கொள்ளும் இரண்டு வருஷமும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, பழைய 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கான இன்ஸ்டாலரை விட்டுவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

வித்தியாசம் எங்கே என்றால், லினக்ஸில் ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நான் முன்னே சொன்ன பொன்மலைப் பணிமனை மாதிரி. மைக்ரோசாஃப்ட் கூட தன் பழைய சிஸ்டமான எம்எஸ்-டாஸ் 4.0வின் மூல நிரலை 2024 ஏப்ரலில் வெளியிட்டது. அது வந்தது 1988ல். முப்பத்தாறு வருஷம் கழித்துத் திறந்தார்கள். ஒரு கம்பெனி பத்து வருஷம் பார்த்துக்கொண்டு, அதற்கு மேல் முடியாது என்றால் எனக்குச் சண்டையில்லை. ஆனால் பூட்டைப் போட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. தகுதி உள்ள வேறு ஆட்கள் ஓட்டையை அடைக்க வழிவிட வேண்டும். 11லும் அதே நிரல் இருப்பதால் முழுவதையும் திறப்பது கஷ்டம் என்பார்கள். அது உண்மைதான். ஒப்பந்தம் போட்டு வெளி நிறுவனங்களிடம் கொடுக்கலாமே.

அப்டேட் போடவே டேட்டா பத்துவதில்லை. கரண்ட்டும் போகிறது.

மழைக்காலத்தில் எனக்கும் இதே பாடுதான். ஒரே இடத்தில் நாலைந்து மெஷின் இருந்தால், விண்டோஸ் அப்டேட்டில் டெலிவரி ஆப்டிமைசேஷனை இயக்குங்கள். ஒரு மெஷின் இறக்கியதை மற்றவை உள் நெட்வொர்க்கிலேயே வாங்கிக்கொள்ளும். யூபிஎஸ் இல்லாமல் டெஸ்க்டாப்பில் அப்டேட் போட வேண்டாம்.

கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் மலிவாகக் கிடைக்கிறது, விண்டோஸ் 11 போட்டே தருகிறார்கள். வாங்கலாமா?

பார்த்து வாங்குங்கள். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் பட்டியலில் இருக்கிறது. ஐ5-8250யூ என்றிருந்தால் ஏறும். ஐ5-7200யூ என்றிருந்தால் அது ஏழாம் தலைமுறை, முறைப்படி ஏறாது. கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எண்ணைப் பாருங்கள். 10, 11, 12 என்று தொடங்கினால் அதற்குப் பிந்தையவை.

ஏறாத மெஷினிலும் சோதனையைத் தாண்டி 11ஐ ஏற்றி விற்கிறார்கள். ஓடும். ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லவில்லை. விற்பவர் அதைச் சொல்லமாட்டார். கடையிலேயே திறந்து, செட்டிங்ஸில் அபௌட் பக்கத்தைப் பார்த்து, பிராசஸர் எண்ணைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால்.